சேர்த்தால் சுருங்கும், சேர்த்தால் நீளும்: லைவ் கோடிங் மொழிகளை வம்சாவளி பார்த்துப் பழகும் முறை

மேடையிலேயே நிரலை எழுதி, ஓடும்போதே மாற்றி இசை போடுவதுதான் லைவ் கோடிங். டைடல்சைக்கிள்ஸ் (சுருக்கமாக டைடல்), ஸ்ட்ரூடல், சோனிக் பை எல்லாம் அதற்கான மொழிகள். நாலு அடி ஓடிக்கொண்டிருக்கும் தாளத்தில் ஐந்தாவதாக ஒரு அடியைச் சேர்த்தால் என்ன ஆகும்? டைடல்சைக்கிள்ஸிலோ ஸ்ட்ரூடலிலோ சேர்த்தால் ஐந்தும் அதே சுற்றுக்குள் நெருக்கியடித்து உட்காரும். அடிகள் குறுகும், சுற்றின் நீளம் மாறாது. சோனிக் பையில் சேர்த்தால், திரும்பத் திரும்ப ஓடும் துண்டான லூப்பே ஒரு அடி நீளும். பக்கத்து லூப்போடு இருந்த ஒட்டு விட்டுப்போகும். மேடையில் தாளம் குலைவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்: ஒரு மொழியின் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு இன்னொரு மொழியில் அடிப்பது. இந்த இரண்டு கணக்கும் எங்கிருந்து வந்தன என்று தெரிந்துகொண்டால், எந்த மொழியை எந்த வேலைக்கு எடுப்பது, எது எங்கே காலை வாரும் என்பதெல்லாம் முன்கூட்டியே பிடிபடும்.

டோலக்கோ சட்டியோ கையில் பழகிய, கோடிங் அதிகம் பழகாத வடசென்னைக்காரர்களை மனதில் வைத்து எழுதியது இது. வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் கானாவுக்கு வாசிக்கிறவர்களுக்கு நடை (ஒரு அடிக்குள் எத்தனை துடிப்பு), ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று), தீர்மானம் (முடிப்புக் கோவை) எல்லாம் பெயர் சொல்லாமலே கையில் இருக்கும். அது பாதி வேலை.

ஒரு குறிப்பு. நிரல் வரிகளைத் தமிழ் எழுத்தில் ஒலிபெயர்த்துத் தந்திருக்கிறோம். திரையில் அடிக்கும்போது எல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்து. பிடி என்றால் பி, டி என்ற இரண்டு எழுத்து. அது பேஸ் டிரம். சிபி என்பது கைதட்டல். ரிம் என்பது மூன்றெழுத்துச் சொல். டிரம் விளிம்பில் அடிக்கும் சத்தம். எஸ் என்பது ஒற்றை எழுத்து. குறிகளும் எண்களும் இங்கே இருப்பது போலவே.

வம்சாவளி, தேவையான அளவுக்கு

கணினியில் இசை போடும் மொழிகளின் வேர் 1957. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் மேக்ஸ் மேத்யூஸ் எழுதிய மியூசிக் என்ற நிரல் ஐபிஎம் 704 கணினியில் ஓடியது. கணினி இருந்தது நியூயார்க்கில். அங்கே எண்களாகக் காந்த நாடாவில் பதித்து, நியூஜெர்சியில் இருந்த ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து ஒலியாக மாற்றினால்தான் கேட்க முடியும். அடுத்தடுத்த பதிப்புகளில் அலைவி, வடிகட்டி, பெருக்கி என்று சின்னச் சின்னத் துண்டுகளை ஒன்றோடொன்று இணைத்து ஒலி செய்யும் முறை வந்தது. 1986-ல் பாரி வெர்கோ எம்ஐடியில் செய்த சிசவுண்ட் இந்த வழியில் வந்ததுதான். இன்று லைவ் கோடிங் மொழிகள் எல்லாவற்றின் அடியிலும் ஒலி இப்படித்தான் பிறக்கிறது. ஆனால் அன்று ஓடிக்கொண்டிருக்கும்போதே நிரலை மாற்றுவது என்ற பேச்சே இல்லை.

மேடையிலேயே நிரல் எழுதிய ஆரம்பகாலக் கச்சேரிகளில் அடிக்கடி சொல்லப்படுவது 1985-ல் ஆம்ஸ்டர்டாமின் ஸ்டைம் நிலையத்தில் ரான் குய்விலா நடத்தியது. ஃபோர்த் மொழி, ஆப்பிள் 2 கணினி. ஃபோர்த் சிஸ்டம் கிராஷ் ஆனதோடு அந்தக் கச்சேரியும் முடிந்தது. கிராஷ் ஆகும் என்று எதிர்பார்த்தே மேடையேறும் பழக்கம் இந்தத் துறையில் ஆரம்பத்திலிருந்தே உண்டு என்று வைத்துக்கொள்ளலாம்.

1996-ல் ஜேம்ஸ் மெக்கார்ட்னி சூப்பர்கொலைடரை வெளியிட்டார். அதன் மொழி, ஸ்மால்டாக் என்ற பழைய நிரல்மொழியின் சாயல். 2002-ல் அது கட்டற்ற மென்பொருள் ஆனது. மூன்றாம் பதிப்பில் அதை இரண்டாக உடைத்தார்கள்: கட்டளை எழுதும் மொழி ஒன்று, ஒலி எழுப்பும் சர்வர் ஒன்று. நடுவில் நெட்வொர்க் செய்திகள். இந்த உடைப்பு பெரிய விஷயம். சர்வர் தனியாக வந்துவிட்டதால், வேறு எந்த மொழியிலிருந்தும் அதற்குக் கட்டளை அனுப்பலாம் என்றாகிவிட்டது. டைடல், சோனிக் பை, ஃபாக்ஸ்டாட், ஓவர்டோன் எல்லாம் மேலே வேறு வேறு சட்டை போட்டிருந்தாலும் ஒலி வருவது இந்த ஒரே சர்வரிலிருந்து. ஆகவே, ஒன்றில் ஒலி வரவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது நீங்கள் எழுதிய வரியை அல்ல. சர்வர் ஓடுகிறதா என்பதை.

இனி நமக்கு நெருக்கமான கிளை. 1980களில் ஜேம்ஸ் கிப்பன் என்ற இசை ஆய்வாளர் லக்னோ கரானா, அதாவது லக்னோ பரம்பரைத் தபேலாவைப் படித்துக்கொண்டிருந்தார். காயதா என்று ஒரு கருப்பொருளை எடுத்து, விதிக்குள் நின்று மாற்றி மாற்றி வாசிக்கிறார்களே, அந்த விதியை எழுத முடியுமா என்று பார்க்க பெர்னார் பெல் போல் பிராசஸர் என்ற நிரலைச் செய்தார். நம் சொற்கட்டு போலத் தபேலாவுக்கு இருக்கும் தா, தின், தெரகிட போன்ற சொற்கள்தான் அதில் உள்ளே போகும் எழுத்துகள். அந்த நிரலின் பிந்தைய பதிப்பில், வெவ்வேறு எண்ணிக்கை கொண்ட சொல்வரிசைகளை ஒரே கால அளவுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க ஒரு குறியீடு இருந்தது.

2009 வாக்கில் அலெக்ஸ் மெக்லீன் ஹாஸ்கெல் மொழியில் டைடலைக் கட்டத் தொடங்கியபோது இதிலிருந்து எடுத்துக்கொண்டார். லோரி ஸ்பீகல் 1981-ல் எழுதிய ஒரு கட்டுரையும் அவர் மேல் பாதிப்பு செலுத்தியது. ஒரு இசை வடிவத்தைத் திருப்பிப்போடு, சுழற்று, நகர்த்து, துண்டாக்கு, வேறொன்றோடு கோத்துவிடு என்று பன்னிரண்டு வகை வேலைகளைப் பட்டியலிட்ட கட்டுரை அது. 2022-ல் மெக்லீனும் ஃபெலிக்ஸ் ரூஸும் டைடலை ஜாவாஸ்கிரிப்டுக்கு மாற்றியதுதான் ஸ்ட்ரூடல். பிரவுசரில் ஓடுவதால் சூப்பர்கொலைடர் வேண்டியதில்லை.

ஆக, டைடல் குடும்பத்தில் சுற்றுதான் அடிப்படை. அடி என்பது சுற்றை வகுத்தால் கிடைப்பது. ஆவர்த்தனத்தை முதலில் மனதில் வைத்து அதற்குள் சொல்லை நிரப்பிப் பழகியவர்களுக்கு இது வீட்டுக்கணக்கு. பியானோ வழி வந்தவர்களைவிட மிருதங்கம் படித்தவர்கள் டைடலைச் சீக்கிரம் பிடித்துக்கொண்டால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

சோனிக் பை வேறு வழி. சாம் ஏரன் முதலில் குளோஜர் மொழியில் ஓவர்டோன் செய்தவர். 2012-ல் கேம்பிரிட்ஜில், பள்ளிப் பிள்ளைகள் ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியில் நிரல் எழுதக் கற்க என்று ரூபி மொழியை வைத்து இதை உருவாக்கினார். பாடத்திட்டக் கருவி என்பதால் நிரல் மேலிருந்து கீழே ஓடும்: ஒலி எழுப்பு, இவ்வளவு நேரம் தூங்கு, அடுத்த ஒலி எழுப்பு. நேரத்தை நிரலுக்குள்ளேயே கறாராக எழுதும் யோசனை 2003-ல் கே வாங்கும் பெர்ரி குக்கும் பிரின்ஸ்டனில் செய்த சக் மொழியில் முன்பே இருந்தது. 2005-ல் வந்த ஆண்ட்ரூ சோரன்சனின் இம்ப்ராம்ப்டு ஸ்கீம் மொழி வழி. அதில் ஒரு செயற்பாடு வாசித்து முடித்ததும் தன்னையே அடுத்த அடிக்கு மறுபடி கூப்பிட்டுக்கொள்ளும். இந்தக் கிளைகளில் அடிதான் அடிப்படை. சுற்று என்பது அடிகளைக் கூட்டினால் வருவது.

ஸ்ட்ரூடலில் ஒரு குத்து

4 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப், குரோம் பிரவுசர், ஒயர் உள்ள இயர்போன். இவ்வளவு போதும். புளூடூத் இயர்போன் வேண்டாம். என்டர் தட்டியதற்கும் காதில் விழுவதற்கும் நடுவில் கால் விநாடி வரை போய்விடும்.

முதலில் வேகம். ஸ்ட்ரூடல் நிமிடத்துக்கு எத்தனை அடி என்று கேட்காது. எத்தனை சுற்று என்றுதான் கேட்கும். கணக்கு: நிமிட அடியை, சுற்றில் உள்ள அடிகளால் வகுக்க வேண்டும். 140 வேகத்தில் நாலடிச் சுற்று என்றால் 35. எட்டு எண்ணிக்கை ஆதிதாளம் 80-ல் என்றால் 10. வகுக்க மறந்து 140 என்று போட்டுவிட்டால் நாலு மடங்கு வேகத்தில் எகிறும். முதல்முறை எல்லோருக்கும் நடப்பது.

செட்சிபிஎம்(35)
$: எஸ்("பிடி*4")
$: எஸ்("[ரிம் ~ ரிம்]*4")
$: எஸ்("~ சிபி ~ சிபி")

$: என்று தொடங்கும் வரிகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும். *4 என்றால் சுற்றுக்கு நாலு தடவை. கன்ட்ரோலும் என்டரும் சேர்த்து அழுத்தினால் ஓடும். கன்ட்ரோலும் புள்ளியும் நிறுத்தும். சூப்பர்கொலைடரிலும் இதே சாவிகள்தான்.

இரண்டாவது வரியைக் கவனியுங்கள். சதுர அடைப்புக்குள் மூன்று இடம்; நடுவில் உள்ள அலைக்குறி மௌனம். அது நாலு தடவை வருவதால் சுற்றுக்குப் பன்னிரண்டு துடிப்பு. நெடில் குறில், நெடில் குறில் என்று உருளும் திஸ்ர நடை. நம் பக்கத்துக் குத்துக்கு அஸ்திவாரம் பெரும்பாலும் இந்த நடைதான். இதை நேர் பதினாறாகப் போட்டால் ஆட்டம் செத்துவிடும். டிரம் மெஷின் ஆப்களில் முதலில் வந்து நிற்பது பதினாறு கட்டம்தான். அதற்குள் கானாவை அடக்கப் பார்த்துப் பலர் வெறுத்துப்போவது இதனால்.

இப்போது வேண்டுமென்றே ஒரு தப்பு செய்து பாருங்கள். அடைப்பை எடுத்துவிட்டு ரிம் ~ ரிம் ரிம் ~ ரிம் ரிம் என்று ஏழு இடமாக எழுதுங்கள். பிடி நாலு, அதன்மேல் ஏழு. சுற்றின் தலையில் மட்டும் இரண்டும் சேரும், நடுவில் எங்கும் சேராது. ஏழைக் கேட்டீர்கள், ஏழு கிடைத்தது. பிடியின் அதே துடிப்பில் கிடைக்கவில்லை. ஒரே துடிப்பில் ஏழும் எட்டும் ஓட வேண்டுமென்றால் சுருள் அடைப்பு: ஏழு சொல்லைச் சுருள் அடைப்புக்குள் எழுதி, பின்னால் %8 போடுங்கள். சுற்றுக்கு எட்டு துடிப்பு என்ற கணக்கில் ஏழு சொல்லும் நகர்ந்து நகர்ந்து வந்து, ஏழாவது சுற்று முடிகையில் மறுபடி தலையில் சேரும். ஐம்பத்தாறு துடிப்பு. சுருள் அடைப்பு போல் பிராசஸர் வழி வந்தது.

நடை மாற்றிப் பழக ஒரு வரி:

செட்சிபிஎம்(15)
$: எஸ்("பிடி*4")
$: எஸ்("ரிம்*<12 16 20 28>")

கோண அடைப்பு ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு எண்ணை எடுக்கும். நாலடிக்கு 12 என்றால் திஸ்ரம், 16 சதுஸ்ரம், 20 கண்டம், 28 மிஸ்ரம். வாயால் தகிட, தகதிமி, தகதகிட, தகிடதகதிமி என்று சொல்லிக்கொண்டே ஓட விடுங்கள். வேகம் 35-லேயே இருந்தால் மிஸ்ரத்தில் ஒரு துடிப்புக்கு 61 மில்லி விநாடிதான், வாய் தோற்றுப்போகும். அதனால்தான் 15. இதே கோண அடைப்பை முன்னால் பார்த்த சதுர அடைப்புக்குள், வெளியே *4 இருக்கும்போது வைத்தால், சுற்றுக்கு ஒருமுறை மாறாமல் அடிக்கு ஒருமுறை மாறும். அடைப்புக்குள் நேரமே நாலு மடங்கு வேகமாக ஓடுவதுதான் காரணம். ஆளைக் குழப்பும் இடம் இது. வேண்டுமென்று செய்தால் நல்ல கணக்கு விளையாட்டு.

வளைவு அடைப்பு இன்னொரு குறுக்குவழி. பிடி(3,8) என்றால் எட்டு இடத்தில் மூன்று அடியை முடிந்தவரை சமமாகப் பரப்பும்: தகிட தகிட தக. (5,8) என்றால் 2, 1, 2, 1, 2. இது யூக்ளிடின் பொது வகுத்தி காணும் முறை. உலகின் பல மரபுத் தாளங்கள் இதில் விழுகின்றன என்று 2005-ல் கோட்ஃப்ரீட் டூசான் காட்டினார். ஆனால் (3,7) போட்டால் 2, 2, 3 என்று வரும். நம் மிஸ்ர சாபுவின் 3, 2, 2 வேண்டுமானால் மூன்றாவதாக ஒரு எண் சேர்த்துச் சுழற்றிக்கொள்ள வேண்டும். தலை எங்கே என்பது கணிதத்துக்குத் தெரியாது. அதை வாசிக்கிறவர்தான் சொல்ல வேண்டும்.

அதே குத்து, சோனிக் பையில்

இங்கே தாளத்துக்கென்று முதலில் ஒரு லூப். அதில் ஒலியே வேண்டாம். நாலடி தூங்கினால் போதும்.

யூஸ்_பிபிஎம் 140
லைவ்_லூப் :தாளம் டூ
  சிலீப் 4
எண்ட்
லைவ்_லூப் :பேஸ், சிங்க்: :தாளம் டூ
  சாம்பிள் :பிடி_ஹவுஸ்
  சிலீப் 1
எண்ட்

இங்கே டூ என்பது டி, ஓ என்ற இரண்டு எழுத்து. ஹவுஸ் என்பது எச், ஏ, யு, எஸ். சிங்க் பகுதி, தாள லூப் தலைக்கு வரும்வரை காத்திருந்து தொடங்கச் சொல்கிறது. மூன்றாவதாக ரிம் லூப்பிலும் அதே சிங்க் பகுதி; உள்ளே ஒலி, சிலீப் 2.0/3, ஒலி, சிலீப் 1.0/3. இங்கே சோம்பல்பட்டு 0.66, 0.33 என்று எழுதினால் கூட்டுத்தொகை 0.99. பத்து அடியில் பத்தில் ஒரு அடி முந்திவிடும். 140 வேகத்தில் அது 43 மில்லி விநாடி, காதுக்கு நன்றாகவே தெரியும். நூறு அடியில், அதாவது முக்கால் நிமிடத்துக்குள், முழு ஒரு அடி முன்னால் போய்விடும். டைடல் குடும்பத்தில் இந்தப் பிழை நடக்கவே வழியில்லை. அங்கே வகுப்பதை மொழியே பார்த்துக்கொள்கிறது. இங்கே கூட்டுவது உங்கள் பொறுப்பு.

சிலீப் இல்லாத லைவ்_லூப்பை சோனிக் பை ஏற்காது. நேரம் நகராமல் சுற்றிக்கொண்டே இருக்கும் என்பதால் பிழை காட்டி நிறுத்திவிடும். ஒரு காலத்தில் சிலீப் நிஜமாகவே கணினியைத் தூங்க வைத்தது. நிரல் ஓட எடுத்துக்கொள்ளும் நேரமும் சேர்ந்து தாளம் மெல்ல மெல்லப் பின்வாங்கும். இரண்டாம் பதிப்பில் அதை மாற்றினார்கள். இப்போது நிரல் தன் கற்பனைக் கடிகாரத்தில் அரை விநாடி முன்னாலேயே ஓடி, இந்த ஒலி இந்தக் கணத்தில் என்று சர்வருக்கு எழுதி அனுப்பிவிடுகிறது. கணினி திணறினாலும் அரை விநாடிக்குள் மீண்டுவிட்டால் காதுக்குத் தெரியாது. அதைத் தாண்டினால் பின்தங்குகிறது என்று எச்சரிக்கை வரும்.

பிழை வந்தால் என்ன நடக்கும் என்பதிலும் வித்தியாசம் உண்டு. ஸ்ட்ரூடலில் தப்பாக எழுதி என்டர் தட்டினால் பழையதே ஓடிக்கொண்டிருக்கும். திருத்திவிட்டு மறுபடி தட்டலாம். சோனிக் பையில் அடைப்பு, எண்ட் விட்டுப்போனது போன்ற எழுத்துப் பிழை என்றால் அதேதான். ஆனால் ஓடும்போது வரும் பிழை அந்த லூப்பைக் கொன்றுவிடும், மற்றவை ஓடும். திருத்திக் கிளப்பும்போது சிங்க் இல்லாவிட்டால் அது நினைத்த இடத்தில் புகுந்துகொள்ளும். தாள லூப்பைத் தனியாக வைக்கச் சொன்னது இதற்குத்தான்.

கேரம் போர்டிலிருந்து ஒலி எடுப்பது

இந்த மொழிகளோடு வரும் தாள ஒலிகளில் நிறைய அமெரிக்க, ஜப்பானிய டிரம் மெஷின்களுடையவை. நம் ஒலி வேண்டுமானால் நாமே பதிய வேண்டும். வடசென்னையில் தெருவுக்குத் தெரு கிடைக்கும் அருமையான தாளக்கருவி கேரம் போர்டு. ஸ்டிரைக்கர் காயில் மோதும் சத்தம் சின்னது, கூர்மையானது. ஹை-ஹேட்டுக்குப் பதில் அப்படியே பொருந்தும்.

கிளப்பில் ஆட்டம் இல்லாத நேரம் பார்த்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு, போனைப் போர்டின் சட்டத்திலிருந்து ஒரு சாண் தள்ளித் தனி ஸ்டூலில் வையுங்கள். போர்டின் மேலேயே வைத்தால் பலகையின் அதிர்வு மைக்கில் ஏறி எல்லாம் தொம்மென்று கேட்கும். பவுடரும் போனுக்கு ஆகாது. ரெக்கார்டர் ஆப்பில் வேவ் வடிவம் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். ஸ்டிரைக்கர் காயில் மோதுவது, சட்டத்தில் மோதித் திரும்புவது, காய் பாக்கெட்டில் விழுவது, பலகையில் விரலால் சுண்டுவது: இந்த நாலும், ஒவ்வொன்றையும் மெதுவாக இரண்டு, ஓங்கி இரண்டு என்று பதியுங்கள். ஒரே அடியைத் திரும்பத் திரும்ப ஓட்டினால் காது உடனே மெஷின் என்று கண்டுபிடித்துவிடும்.

பிறகு ஆடாசிட்டி என்ற ஒலி வெட்டும் மென்பொருளில் வெட்டு. முக்கியம், ஒலி தொடங்கும் இடத்துக்கு முன்னால் ஒரு மில்லி விநாடிக்கு மேல் காலி இடம் விடக்கூடாது. முப்பது மில்லி விநாடி மௌனம் தலையில் இருந்தால் அந்த ஒலி எப்போதும் இழுத்துக்கொண்டே வரும். நிரலில் எவ்வளவு தேடினாலும் தப்பு தெரியாது, ஏனென்றால் தப்பு கோப்பில் இருக்கிறது. ஸ்டிரைக்கர் ஒலிக்கு 80 முதல் 150 மில்லி விநாடி, பாக்கெட்டுக்கு 300 போதும். கடைசி 5 மில்லி விநாடியை மங்க விடுங்கள். இல்லாவிட்டால் டிக் என்று ஒரு வெட்டுச் சத்தம் வரும். உச்சம் மைனஸ் 3 டெசிபல், மோனோ, 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட்.

கோப்புகளுக்கு 00, 01, 02 என்று பெயர். அவற்றைப் போடும் உறைக்கு (ஃபோல்டர்) ஆங்கில எழுத்தில் கேரம் என்று பெயர். ஸ்ட்ரூடலின் ஒலிப் பட்டியலில் இருக்கும் இறக்குமதிப் பகுதியில் உறையைக் கொடுத்தால், எஸ்("கேரம்:2") என்று மூன்றாவது கோப்பை அழைக்கலாம். எண்ணிக்கை பூஜ்ஜியத்தில் தொடங்குகிறது. இருப்பதைத் தாண்டிய எண் கொடுத்தாலும் பிழை வராது, சுற்றி வந்து முதலிலிருந்து எடுக்கும். சட்டி, டோலக் போன்றவற்றுக்கு வால் நீளம். வேகமாக அடித்தால் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்பும். அந்த வரியின் கடைசியில் .கட்(1) சேர்த்தால் புதிய அடி பழையதை அமுக்கிவிடும். காசிமேட்டில் ஐஸ் அரைக்கும் சத்தம், கொருக்குப்பேட்டை தண்டவாளச் சத்தம் போன்ற நீளமான ஒலிகளைத் தாளத்துக்கு எடுக்காதீர்கள். அவற்றைப் பின்னணிக்கு வைத்துக்கொண்டு மெதுவாக ஓடவிடலாம்.

டைடலுக்கு எப்போது போவது

ஸ்ட்ரூடல் போதவில்லை, நிறைய ஒலி, நிறைய சேனல் வேண்டும் என்னும்போது. மூன்று பாகம் நிறுவ வேண்டும்: ஹாஸ்கெல், சூப்பர்கொலைடரோடு சூப்பர்டர்ட் (டைடலின் கட்டளையை வாங்கி ஒலியாக்கும் பாகம்), எழுதுவதற்கு எடிட்டர். கிளப்பும் வரிசையும் முக்கியம். சூப்பர்டர்ட் முதலில் கிளம்பி 57120 என்ற போர்ட்டில் காத்திருக்க வேண்டும், பிறகுதான் டைடல். மாற்றிச் செய்தால் டைடல் ஒழுங்காக ஓடுவது போலவே இருக்கும், ஒலி மட்டும் வராது. செய்திகள் யாருமில்லாத வாசலில் போய் விழுகின்றன.

சூப்பர்கொலைடர் ஜன்னலில் லேட் என்று எண்ணோடு வரிகள் கொட்டினால், செய்தி வந்து சேரும்போது நேரம் தாண்டிவிட்டது என்று அர்த்தம். ஒலியைக் கொஞ்சம் சேர்த்துவைத்து அனுப்பும் ஆடியோ பஃபரை 1024 சாம்பிளுக்கு ஏற்றுங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் அது 21 மில்லி விநாடி. விரலால் கீபோர்டு வாசிக்கிறவருக்கு அது தொந்தரவு, நமக்கு இல்லை. மே மாத மதியத்தில் ஷாமியானாவுக்குக் கீழே லேப்டாப் சூடேறி வேகம் குறைந்தாலும் இதே வரிகள்தான் வரும். கீழே இரண்டு மரக்கட்டை வைத்துத் தூக்கி, ஒரு டேபிள் ஃபேனைத் திருப்பிவிட்டால் பல நேரம் அதுவே மருந்து.

கானா பாடகருக்கு ஓட்டும்போது

தொகையறாவில் தாளம் கிடையாது. பாடகர் இழுத்து நிறுத்திப் பாடுவார். அந்த நேரம் எல்லா வரிகளுக்கும் முன்னால் $ குறிக்கு முன் ஒரு அடிக்கோடு போட்டு அடக்கிவையுங்கள். பல்லவிக்கு வரும்போதுதான் சிக்கல். டைடலின் கடிகாரம் நிற்பதே இல்லை. நீங்கள் என்டர் தட்டிய கணத்தில் சுற்று எங்கே இருக்கிறதோ அங்கிருந்துதான் நுழையும். பாடகரின் தலையடிக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்காது. ரீசெட்சைக்கிள்ஸ் என்ற கட்டளை (இதில் மட்டும் சைக்கிள்ஸின் முதல் எழுத்து பெரிய எழுத்து) சுற்றைத் தலைக்குக் கொண்டுவரும். ஸ்ட்ரூடலில் நிறுத்திவிட்டுக் கிளப்பினால் தானாகவே முதலிலிருந்து தொடங்கும், கொஞ்சம் தாமதித்து. எப்படிச் செய்தாலும் பாடகரைத் துரத்திப் பிடிக்கப் பார்க்காமல், நாலு ரிம் அடி முன்னால் விட்டு அவரை ஏறவிடுவது மேல்.

டோலக்காரர் கூட வாசித்தால் அவருக்கு ஒரு ஸ்பீக்கரை ஒரு கை தூரத்தில் வையுங்கள். பத்து மீட்டர் தள்ளி இருக்கும் பாக்ஸிலிருந்து ஒலி வர 29 மில்லி விநாடி ஆகும். 140 வேகத் திஸ்ரத்தில் ஒரு துடிப்பே 143 மில்லி விநாடிதான். அதில் ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிட்டு அவர் எப்படி ஒட்டுவார்?

சவுண்ட் சர்வீஸ்காரரிடம் கொடுக்கும் ஒயர்

லேப்டாப்பின் இயர்போன் துளையிலிருந்து மிக்ஸருக்கு ஒரே பெரிய ஸ்டீரியோ பின்னில் ஒயர் போட்டுக் கொடுப்பார்கள். வாங்காதீர்கள். மிக்ஸரின் பேலன்ஸ்டு துளை இடது, வலது இரண்டின் வித்தியாசத்தை மட்டும் எடுக்கும். பேஸ் டிரம் இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருப்பதால் வித்தியாசம் பூஜ்ஜியம். பிடி காணாமல் போய், ஓரத்து எதிரொலிகள் மட்டும் சன்னமாகக் கேட்கும். நிரலில் தப்பு என்று நினைத்து அங்கேயே தேடிக்கொண்டிருப்பீர்கள். ஒரு பக்கம் சின்ன ஸ்டீரியோ பின், மறுபக்கம் இரண்டு தனித்தனி மோனோ பின்னாகப் பிரியும் ஒயர்தான் சரி. பர்மா பஜாரில் கேட்டால் கிடைக்கும். கையோடு இரண்டாக வாங்கி வையுங்கள்.

சார்ஜர் மாட்டியதும் உறுமல் வருகிறது, கழற்றினால் போகிறது என்றால் எர்த் பிரச்சினை. சார்ஜரின் எர்த் பின்னை உடைக்கும் வேலை வேண்டவே வேண்டாம். எர்த் துண்டிக்கும் சுவிட்ச் உள்ள டிஐ பாக்ஸ் என்ற சின்னப் பெட்டி ஒன்று லேப்டாப்புக்கும் மிக்ஸருக்கும் நடுவில் வந்தால் தீரும். இல்லாவிட்டால் அந்த அரை மணி நேரம் பேட்டரியில் ஓட்டுங்கள்.

கரண்ட் போனால் லேப்டாப் ஓடிக்கொண்டே இருக்கும், ஆம்ப்ளிஃபயர் செத்துவிடும். ஜெனரேட்டர் எடுப்பதற்குள் மிக்ஸரில் உங்கள் ஃபேடரை இறக்கச் சொல்லுங்கள். இறக்காவிட்டால் பவர் வரும்போது முழு பேஸும் ஒரே தள்ளாக ஸ்பீக்கரில் இறங்கும்.

திரையைக் காட்டுவது இந்த ஊடகத்தின் மரியாதை. 2004-ல் ஹாம்பர்க்கில் தொடங்கிய டாப்லாப் அமைப்பின் அறிக்கையே உங்கள் திரைகளைக் காட்டுங்கள் என்று கேட்கிறது. எழுத்தளவு 24-க்குக் குறையாமல் வையுங்கள். ஸ்ட்ரூடலில் இரண்டு சாய்கோடு போட்டு அதன்பின் தமிழில் எழுதினால் மொழி அதைக் கண்டுகொள்ளாது. அடுத்து வரப்போகும் நடை எது என்று அங்கே எழுதிக் காட்டினால், கோடிங் தெரியாத கூட்டமும் கூடவே எண்ணிக்கொண்டு வரும்.

ஸ்ட்ரூடல் ஒலிகளை நெட்டிலிருந்து, முதல்முறை கேட்கும்போதுதான் இறக்கும்; அதனால் முதல் அடி மௌனமாகப் போகும். கூட்டம் சேர்வதற்கு முன், அன்றைக்குப் பயன்படுத்தப் போகும் ஒவ்வொரு ஒலியையும் ஒரு தடவை ஓட்டிவிடுங்கள். அதன்பின் அந்த டேபை மூடவோ ரீலோட் செய்யவோ கூடாது. நிரலின் பிரதி ஒன்று வெறும் எழுத்துக் கோப்பாகப் போனில் இருக்கட்டும். போனிலேயே ஸ்ட்ரூடல் ஓடும் என்பதால், லேப்டாப் படுத்துவிட்டால் அதே ஒயரைக் கழற்றிப் போனில் மாட்டலாம். போனில் இயர்போன் துளை இல்லையென்றால் அதற்கான சின்ன அடாப்டரையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.